எலி கடித்த ஸ்பீக்கர்

இல்ல தம்பி, முன்னாடி எம்புட்டு வேணாலும் பாருங்க, போட்டோ எடுத்துக்கங்க. இந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியோட பின்மூடிய மட்டும் தொடாதீங்க. பிளக்குதான் பிடுங்கிக் கிடக்கேன்னா? பிளக்கப் பிடுங்கினாலும் வால்வு செட்டு, அந்தக் காலத்துக் கண்ணாடி வால்வு போட்டது, ஷாக் அடிக்கும். உள்ள கண்டன்சர் கரண்ட்டப் பிடிச்சு வச்சிருக்கும். என்னது, நாலு வருசமாவா? ம். கேப்பீங்க, கேப்பீங்க. ஆம்ப்ளிஃபயரப் பத்தி எழுதுற ஆளுன்னுதான சொன்னீங்க, மறந்துட்டேன்.

உக்காருங்க. அந்தா அந்த பேஸ் பாக்ஸ் மேலயே உக்காருங்க, பத்து ஆளத் தாங்கும். டீ சொல்லவா? வேணாமா? எந்த ஊருங்க டீ வேணாங்கிற ஊரு? பெங்களூரா. பெங்களூர்ல எங்குட்டு? இல்ல, சும்மாதான் கேட்டேன். அங்க எனக்குத் தெரிஞ்ச ஏரியா ஒண்ணே ஒண்ணுதான். நீங்க சொன்னது அது இல்ல. சரி, இருக்கட்டும்.

ஆமா, வெளிய போர்டுல போட்டிருக்கிற பால்பாண்டி நான்தான். தமிழ்வாணி என் தங்கச்சி, கூடப்பிறந்தவ. பதினாலு வருசம் எளையவ. எங்கப்பா ஆத்தா ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ட்டாக. அப்ப அவ ஆறாப்பு. அதுல இருந்து நானும் எம் பொண்டாட்டி சுபாவும்தான் வளத்தோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? அவனியாபுரத்துல இத்தன மைக்செட்டுப் பட்டறை இருக்கையில நேரா இங்க வந்து நின்னீங்கள்ல.

எங்க, அந்த போனக் காட்டுங்க. நீங்க எழுதினதா, வேற யாரும் எழுதினதா? யாரோ நெட்ல போட்டது. சரி. தலைப்பு என்ன, ‘நாளை மின்தடை’ பேண்டின் தமிழ்வாணி பயன்படுத்தும் கிடார்கள், ஆம்ப்ளிஃபயர்கள். யப்பா. இதுக்கெல்லாம் லிஸ்ட்டு எடுக்க ஆளு இருக்கா ஊருல? நாளை மின்தடை! பேரப் பாருங்க. பேப்பர்ல மாசம் ஒருக்கா போடுவான்ல, பராமரிப்புப் பணி காரணமாக அவனியாபுரம் பகுதியில் நாளை மின்தடைன்னு. அத வெட்டி எடுத்து பேண்டுக்குப் பேரா வச்சுட்டாளுக. நாலு பொம்பளப் பிள்ளைக. மூணு நிமிசத்துக்கு மேல ஒரு பாட்டு கெடையாது. ரேசன் கடை வரிசை, டவுன் பஸ்ல இடிக்கிறவன், ஆஸ்டல் சாம்பாரு, எதப் பத்தினாலும் உச்சத்துல கத்திட்டு டப்புன்னு நிறுத்திருவாளுக. அதுக்குப் பேரு பங்க் ராக்காம்.

இது என்ன, சிவப்புக் கிடார், வெளிநாட்டுத் தயாரிப்பா? எவன் சொன்னான்? பசுமலை சர்ச்சுல வாசிச்சுக்கிட்டிருந்த ஒரு வாத்தியாரு ஊரு மாத்திப் போகையில குடுத்துட்டுப் போனது அது. கழுத்து வளைஞ்சிருந்துச்சு, நான்தான் நட்டு திருகி நிமித்தினேன். அதுல சவுண்ட எடுத்துக் குடுக்குமே காயிலு, பிக்கப்பு, ரெண்டுல ஒண்ணு செத்தே கிடந்துச்சு. முடி மாதிரி கம்பி. வைண்டிங் கடையில வெள்ளைத்துரைகிட்டக் குடுத்து எட்டாயிரம் சுத்து சுத்தி வாங்கினேன். ஒரு சுத்து கொறைஞ்சாலும் எடுக்க மாட்டேன்னு பக்கத்துலயே உக்காந்து எண்ணினேன். அதெல்லாம் இந்த லிஸ்ட்டுல இல்லையே. பைக் கிளட்ச் ஒயரத்தான் கம்பியா மாட்டுவாங்கிறது மட்டும் இருக்கு. பொய். ஒரே ஒரு தடவ, கம்பி அந்துபோய் கடை அடைச்சிருந்தப்ப மாட்டினா. விரல் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, நான்தான் மஞ்சள் வச்சுக் கட்டுனேன். கருப்புக் கிடார் எனக்குத் தெரியாது. அது அவ இங்கயிருந்து போனதுக்கப்புறம் வாங்கினது. சுபா போன்ல போட்டோ பாத்ததுதான்.

தம்பி, ஒண்ணு கேக்கவா? தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கம் பொண்ணப் பத்தி விசாரிக்கணும்னா நேரா வந்து கேக்க மாட்டாக. பசுமாடு விக்கிதாமேன்னு வருவாக, மாடி வாடகைக்கு இருக்கான்னு வருவாக. போன வருசம் ஒருத்தரு, கல்யாணத்துக்கு மைக்செட் வேணும்னு இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. கல்யாணம் என்னைக்குங்கன்னா முழிக்கிறாரு. தேதி தெரியாமயா மைக்செட்டு சொல்ல வருவான்? கடைசியில பாத்தா மகனுக்கு எந் தங்கச்சியக் கேட்டு வந்திருக்காரு. அந்த மாதிரி சோலியா வந்திருந்தா இப்பவே சொல்லிருங்க. கோவப்பட மாட்டேன். என்னது, கல்யாணம் ஆயிருச்சா உங்களுக்கு? எங்க, மோதிரத்தக் காணோம்? சரி சரி, விடுங்க.

அப்ப நல்லகாமன் அனுப்பினானா? வில்லாபுரத்துல இருக்கான், அவனும் சவுண்ட் சர்வீஸ்தான். தெரியாதா? நம்புறேன். இல்ல, ஏன் கேக்குறேன்னா இந்தப் பெட்டிய எவனோ தெறந்திருக்கான். பின்னாடி பாருங்க, ஆறு ஸ்க்ரூ. அஞ்சு பித்தள, ஒண்ணு மட்டும் வெள்ள, இரும்பு. என் கடையில வெள்ள ஸ்க்ரூ நான் வாங்குறதே இல்ல, துரு ஏறிப்போகும். தங்கச்சி பெங்களூருக்குப் போனப்புறம் தூசி துடைக்கையிலதான் பாத்தேன். அன்னையில இருந்து விசாரிச்சுக்கிட்டே இருக்கேன். சுபாவக் கேட்டேன், நான் எதுக்கு அதத் தொடப்போறேன்னுட்டா. கரண்டு ரிப்பேருக்கு வந்தவனக் கேட்டேன். நல்லகாமன் கடை வாசல்லயே போய் நின்னு கேட்டேன், அண்ணே ஒமக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னுட்டான். அவ ஊருக்குப் போன அந்த வாரம் நான் உசிலம்பட்டிக்கு வேலைக்குப் போயிருந்தேன், அப்ப நீங்க வரலைல்ல? சத்தியமா?

தெறந்து பாக்க வேண்டியதுதானன்னா... பாக்கல. நேரம் இல்ல. தை பொறந்தாலே ஜல்லிக்கட்டு, அப்புறம் மாசி, பங்குனின்னு வரிசையா திருவிழா. சித்திரைக்கு மூச்சு விட நேரமில்ல. நாலு வருசமும் இப்படியே போச்சு.

கேளுங்க, ஆம்ப்ளிஃபயரப் பத்திக் கேளுங்க. சொல்றேன். இந்தப் பெட்டிய நான்தான் செஞ்சேன். மேல இருக்கிற வால்வு செட்டு ஒரு கல்யாண மண்டபத்துல கழிச்சுப் போட்டது. கீழ பன்னெண்டு இஞ்சு ஸ்பீக்கரு, அதிர்ந்து சவுண்டு குடுக்குற கூம்பு இருக்குல்ல, கோனு, அது பேப்பர்ல போட்டது. பிளைவுட்ட நானே அறுத்து, நானே இழைச்சு, மூலைக்கு மூல தகடு அடிச்சு, இருவது நாளு. இவ காலேஜ் போயிட்டு வந்ததும் பக்கத்துல நின்னு டார்ச் அடிப்பா. அண்ணே, அழகா இருக்குண்ணேம்பா. முத மொத வாசிச்சா. பன்னீரு தெளிச்ச மாதிரி சுத்தமா வருது சவுண்டு. எனக்குப் பெரும தாங்கல. இவ மூஞ்சி சுண்டிப் போச்சு. அண்ணே, கொஞ்சம் கிழிஞ்ச மாதிரி வேணும்ங்கிறா.

கிழிஞ்ச மாதிரி! தம்பி, எங்க தொழில்ல கர்ருன்னு ஒரு சத்தம் வந்தா அது நோய். அம்மன் பாட்டு ஓடிக்கிட்டிருக்கையில குழாய் ஸ்பீக்கரு லேசா கரகரன்னா போதும், ஊரே திரும்பி நம்மளத்தான் பாக்கும். கமிட்டிக்காரன் வாயில வரக்கூடாததெல்லாம் வரும். இருவது வருசமா நான் செய்யுற வேலையே அந்தக் கரகரவ ஒழிக்கிறதுதான். இவ அதத்தான் வேணுங்கிறா. நான் இன்னும் சுத்தம் பண்றேன், இவ இன்னும் மூஞ்சியத் தூக்குறா. ஒரு மாசம் இப்படியே ஓடுச்சு.

ஆமா, அப்புறம் கோன் கிழிஞ்சுச்சு. எலி. எலி கடிச்சிருச்சு. பேப்பர்தான, கடிக்கும்ல. எது வழியாவா? அந்தா, ஒயர் போற ஓட்டை இருக்குல்ல, அது வழியா. ரெண்டு வெரல்தான் போகும், தெரியும். எலிக்குஞ்சுக்கு அது போதும்.

ஏன் சிரிச்சீங்க?

இல்ல, சிரிச்சீங்க. நான் பாத்தேன். எலின்னு சொன்னதும் ஒதட்டக் கடிச்சீங்க. இந்தக் கதைய நான் நூறு பேருகிட்டச் சொல்லிருக்கேன், ஒருத்தரும் சிரிச்சதில்ல. அச்சச்சோம்பாக. சரி, அப்புறம் பேசிக்கிருவோம் அத.

எந்த நாளுன்னா, அது பெரிய கதை. ஆறு வருசம் ஆச்சு. பசுமலையில ஒரு காலேஜ்ல கலைவிழா. சாயங்காலம் நாலு மணிக்கு இவளுக வாசிக்கணும். அதே நாளு மூணு மணிக்கு உசிலம்பட்டியில இருந்து எங்க மாமா வீட்டு ஆளுக இவளப் பொண்ணு பாக்க வாராக. மாமா மகன் அழகுபாண்டி, தங்கமான பய, சொந்தமா டிராக்டர் வச்சிருக்கான். நாள் குறிச்சது நான்தான். இவகிட்டக் கேக்காமத்தான் குறிச்சேன், ஆமா. காலேஜ் விழா தேதி எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் மாத்திருக்க மாட்டேன்னு வைங்க. காலையில சொல்றேன், இவ முடியாதுங்கிறா. அண்ணே, நீ எனக்குப் பெட்டி செஞ்சு குடுத்துட்டு, வாசிக்கிற அன்னைக்குப் புடவ கட்டி உக்காருங்கிறியேன்னு கேக்குறா. நியாயமாத்தான் கேட்டா. அன்னைக்கு எனக்கு அது நியாயமாத் தெரியல. வேன்ல பதினாறு பேரு கெளம்பிட்டாக, போன் மேல போன். கோவம் வரும்ல? உங்களுக்கு வராதா?

மதியம் ரெண்டு மணி இருக்கும், இவ தலைக்குக் குளிக்கப் போய்ட்டா. வந்து ஒருக்கா வாசிச்சுப் பாக்குறா, பெட்டி கர்ருங்குது. அலறி அடிச்சு ஓடியாந்து என்னத்தான் கூப்பிட்டா. அண்ணே அண்ணேன்னு. நான் தெறந்து பாத்தேன். எலி கடிச்சிருச்சு தாயி, இனி ஆகாது, கோன் மாத்தணும், டவுன்ஹால் ரோட்டுலதான் கெடைக்கும், நாளைக்குப் பாப்போம்னேன். எங்க காட்டுன்னு குனிஞ்சா. கை வைக்காத, கரண்டு இருக்குன்னு மூடிட்டேன்.

ஆமா. உங்ககிட்டச் சொன்னேனே, அதே வார்த்தைதான்.

என் கணக்கு என்ன? பெட்டி போச்சு, இனி பேசாமப் புடவையக் கட்டிக்கிட்டு உக்காந்திருவா. ஒரு அரமணி நேரம் உள்ள சத்தத்தக் காணோம். எட்டிப் பாத்தா பெட்டியும் இல்ல, அவளும் இல்ல. சேர் ஆட்டோவுல ஏத்திட்டுப் போய்ட்டா. வாரவுகள உக்கார வைக்கச் சொல்லி சுபாகிட்டச் சொல்லிட்டு, இழுத்துட்டு வாரேன்னு நான் பைக்கத் திருகினேன்.

காலேஜத் தேடிப் போய்ச் சேர நாலு ஆயிருச்சு, ஆரம்பிச்சிட்டாளுக. கதவுகிட்ட நின்னேன். தம்பி, எனக்குக் காது கூசுச்சு. தொழில்காரன் காதுல்ல. தகரத்தக் கிழிக்கிற மாதிரி வருது. யாரு வச்ச செட்டுடா இதுன்னு எவனாவது கேட்டா தூக்குல தொங்கணும் நான். ஆனா அந்த ஹாலுல இருந்த பிள்ளைக பூராம் எந்திரிச்சு பெஞ்சு மேல ஏறி நிக்குதுக. ஆடுதுக, அழுகுதுக. இவ முடிய விரிச்சுப்போட்டுக் கண்ண மூடி வாசிக்கிறா. இம்புட்டு சந்தோசமா அந்த மூஞ்சிய நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்ல. எங்கிட்டுப் போய் இழுத்துட்டு வாரது? பேசாம வந்துட்டேன். வந்து பதினாறு பேருகிட்ட, பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்ல மாமான்னேன்.

அந்த வீடியோதான் நீங்க எல்லாரும் பாக்குறது. அதுல இருந்துதான் எல்லாம்.

என்ன கேட்டீங்க? அதுக்கப்புறம் வந்த பாட்டுல சத்தம் இன்னும் மாறியிருக்கா? நல்லாக் காதுங்க உங்களுக்கு. ஆமா, பசுமலையில கேட்டது ஒரு மாதிரி. ரெண்டு மாசம் கழிச்சு வாசிச்சதுல இன்னும் கூடக் கிழிசல், அடியில ஒரு ரீங்காரம். நானும் கவனிச்சேன். பேப்பர்தான, சூட்டுக்கு விட்டுருக்கும். வேற என்ன.

எலிக்கு என்ன செஞ்சேனா? பொறி வாங்கிட்டு வந்து வச்சேன். வைக்கணும்ல? எலின்னு சொல்லிட்டுப் பேசாம இருக்க முடியுமா? கூண்டுப் பொறி, அந்தா அலமாரி மேல இருக்கு பாருங்க. ஒரு வருசத்துக்கு மேல தெனமும் வச்சேன். இவதான் தேங்காச் சில்லு கீறி, அடுப்புல வாட்டி, நானே மாட்டுறேண்ணேன்னு கொக்கியில மாட்டிக் குடுப்பா. காலையில எந்திரிச்சு வந்து, என்னண்ணே, விழுந்துச்சான்னு கேப்பா. இல்ல தாயி, கள்ள எலியா இருக்கும்பேன். சிரிச்சுக்கிட்டே போயிருவா. ஒண்ணு கூட விழல.

பெங்களூருக்குப் போனது வேலைக்குன்னுதான் சொன்னா. அதுக்கு முந்தின வாரம் மறுபடியும் கல்யாணப் பேச்சு எடுத்தேன், சண்ட ஆயிருச்சு. பெட்டிய எடுத்துட்டுப் போ தாயின்னு நான்தான் வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். வேணாம்ணே, அது உன் கையால செஞ்சது, ஒங்கிட்டயே இருக்கட்டும்னா. உன் கையாலன்னா என்ன அர்த்தம்? எதுக்கு அந்த வார்த்தையச் சொன்னா? நாலு வருசமா எனக்கு அதே நெனப்பு. சுபாகிட்ட மணிக்கணக்காப் பேசுறா. எங்கிட்ட, சாப்பிட்டியாண்ணே, ஒடம்பப் பாத்துக்க, அம்புட்டுத்தான். அவளுக்கு நான் ஒருத்தன், எனக்கு அவ ஒருத்தி. இருக்கிற இந்த ரெண்டு வார்த்தையும் போயிருச்சுன்னா நான் என்ன செய்வேன், சொல்லுங்க.

இப்பச் சொல்லுங்க, ஏன் சிரிச்சீங்க? உங்ககிட்ட எலிக் கதைய முன்னாடியே யாரோ சொல்லியிருக்காக. அந்தக் கதை தெரிஞ்ச ஆளு பெங்களூர்ல ஒருத்திதான். அவ அனுப்பினாளா உங்கள?

அப்படிச் சொல்லுங்க. மொதல்லயே வாயத் தெறந்து சொன்னா என்ன? பேரு என்ன, விஸ்வநாத்தா. அவளுக்குப் பாட்டுப் பதிவு பண்ணிக் குடுக்குற ஆளா நீங்க. அடுத்த மாசம் பதிவா. இந்தப் பெட்டிதான் வேணுங்கிறாளா? வேற எந்தப் பெட்டியிலயும் அந்தச் சத்தம் வரலையாமா? வராது. எப்படி வரும்? தாராளமா எடுத்துட்டுப் போங்க, அவ சொத்து. ஆனா தம்பி, பழைய கோனு வேணாம். நான் இன்னைக்கே புதுசு மாத்தி, பளிச்சுன்னு... மாத்தக் கூடாதுன்னாளா?

வேற என்ன சொன்னா? எதையோ முழுங்குறீங்க. சொல்லுங்க.

பின்மூடியத் தெறக்கணுமா. அண்ணன் முன்னாடி, அண்ணன் கையாலயே தெறக்கச் சொன்னாளா.

சரி. ஆச்சு. என்னைக்கு இருந்தாலும் வாரதுதான். அந்த ஸ்க்ரூ டிரைவர எடுங்க. அது இல்ல, மஞ்சப் பிடி. கண்டன்சரா? அதெல்லாம் ஒண்ணும் செய்யாது, நாலு வருசத்துல எப்பவோ செத்துருக்கும். நீங்க என்னையப் பாக்காதீங்க, போன் லைட்ட உள்ள அடிங்க. எலி கடிச்சா ஓரம் இம்புட்டுச் சுத்தமா இருக்குமான்னு கேக்கப் போறீங்க, கேளுங்க. ஒண்ணு. இது ரெண்டு. மூணு. இருங்க. லைட்ட இங்குட்டுக் கொண்டாங்க. இன்னும் கொஞ்சம் கீழ.

நாலு கீறல் இருக்கு.

நாலு எப்படி? நான் போட்டது மூணுதான.

ஆமா தம்பி. நான்தான். எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேவிங் பிளேடப் பாதியா ஒடிச்சு, இந்தா இப்படிக் கைய விட்டு, மூணு இழுப்பு. குளிக்கிற தண்ணிச் சத்தம் அங்க கேக்குது, நான் இங்க கிழிக்கிறேன். அவசரத்துல இழுத்தது, பாருங்க, கோணக் கோண போயிருக்கு. ஆனா இது நான் இல்ல. இது கோடு போட்டுக் கீறின மாதிரி இருக்கு, என் மூணாவதுக்கு ஒட்டினாப்புல, அதே நீளத்துக்கு. நிதானமா ஒக்காந்து போட்டது.

அவதான். வெள்ள ஸ்க்ரூவும் அவதான். நான் ஊரு பூராம் சண்ட போட்டேனே. பசுமலைக்கு அப்புறம் தெறந்து பாத்திருக்கா. எலியில்ல, பிளேடுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிருக்கும், அவ யாரு தங்கச்சி? ஒரு வார்த்த கேக்கல. தானும் ஒண்ணு கீறிட்டு மூடி வச்சுட்டா. அதான் சத்தம் மாறுச்சு. அட கழுத, அப்ப ஒரு வருசமும் தெரிஞ்சேதான் தேங்காச் சில்லு வாட்டிக் குடுத்திருக்கா. விழுந்துச்சாண்ணேன்னு கேட்டுக்கிட்டு.

இரு தம்பி. அழுக வருது. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. ஆறு வருசமா நெஞ்சுக்குள்ள கெடந்தது.

போட்டோவா? எடுத்துக்க. நாலும் தெரியுற மாதிரி எடு, அனுப்பு. இல்ல, நான் பேசல, இப்பப் பேசினா ஒளறிருவேன். சாயங்காலம் நானே கூப்பிடுறேன். கோனு அப்படியே இருக்கட்டும். வண்டியில பெட்டிய நிமித்தி வை, படுக்கப் போட்டுறாத, வால்வு தாங்காது. அப்புறம் அலமாரி மேல இருக்கிற அந்தப் பொறியையும் எடு. அண்ணன் குடுத்துச்சுன்னு சொல்லு, போதும். இரு இரு, வெறும் பொறியாவா குடுத்து விடுறது? ஏய் சுபா, வீட்ல தேங்கா இருக்கா?